வேன் நின்ற இடம்

போன வாரம் உங்களைத் தேர்வறை வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். நினைவிருக்கிறதா?

1993 மார்ச். உச்ச நீதிமன்றம். நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பார்வையற்றவர்கள் இனி சிவில் சர்வீஸ் தேர்வு எழுதலாம். பிரெய்லில் எழுதலாம். ஸ்கிரைப் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுத வைக்கலாம். 1980-ல் தில்லித் தெருவில் ஊர்வலம் போனதற்காகத் தடியடி வாங்கியவர்கள், பதின்மூன்று வருடம் கழித்துக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு கொக்கி இருக்கிறது என்று சொல்லித்தானே முடித்திருந்தேன்?

கொக்கி இதுதான். எல்லாப் பதவிகளுக்கும் அல்ல. பார்வையற்றவர்கள் செய்யக்கூடியவை என்று கண்டறியப்பட்ட பதவிகளுக்கு மட்டும்.

கண்டறிவது யார்? அரசு.

எப்போது கண்டறியும்? அரசுக்குத் தோன்றும்போது.

இந்தக் கொக்கியில் பார்வையற்ற பட்டதாரிகளின் இருபது வருடம் மாட்டிக்கொண்டது. அது தில்லியில்தான் கழன்றது. ஆனால் தில்லி ரயிலைப் பிடிப்பதற்கு முன் நாம் சென்னையில் ஒரு போலீஸ் வேனில் ஏற வேண்டும். அந்த வேன் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறது. செங்கல்பட்டையும் தாண்டிப் போகிறது.

ஏறுங்கள்.

*

2013 செப்டம்பர். அந்த வேனில் இருந்தவர்கள் யார் என்று தெரியாமல் கதை புரியாது.

கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அவர்களைத் தெரியும். தாம்பரம் தாண்டிக் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் ஒரு கை கம்பியைத் தடவிக்கொண்டு வரும். இன்னொரு கையில் பேனா, ஊசி, கடலை மிட்டாய், அடையாள அட்டைக்கு உறை. பத்து ரூபாய்த் தாளை விரலால் நீளம் பார்த்து வாங்கிக்கொள்வார். சில்லறையைத் தவறாமல் தருவார். அவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், எம்.ஏ., பி.எட். என்று பதில் வரக்கூடும்.

அவர் அந்தப் பட்டத்தை எப்படி வாங்கினார்?

பாளையங்கோட்டையிலோ பூந்தமல்லியிலோ ஒரு பார்வையற்றோர் பள்ளி. அங்கே விரலால் படிக்கக் கற்றுக்கொண்டார். பள்ளி முடிந்து கல்லூரிக்குப் போனால் பிரெய்ல் புத்தகம் இல்லை. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கிறவர் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். வாசித்ததைக் கேசட்டில் பதிந்து, தேயத் தேயக் கேட்க வேண்டும். தேர்வு நாளில் பாடம் தெரிந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற ஸ்கிரைப்புக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அன்று வராமல் போனால் ஒரு வருடம் போச்சு.

இவ்வளவையும் தாண்டியவர்கள் ஏன் எல்லாரும் ஆசிரியர் வேலையையே கேட்டார்கள்? காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பார்வையற்றவருக்கென்று சமூகம் ஒதுக்கி வைத்திருந்தது பிரம்பு நாற்காலி பின்னும் வேலை. படித்தவர் என்றால் டெலிபோன் ஆபரேட்டர். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. முதல் வேலை போயிற்று. கைபேசி வந்தது. இரண்டாவதும் போயிற்று. மிஞ்சியது வகுப்பறை. குரலும் நினைவாற்றலும் இருந்தால் தமிழும் வரலாறும் ஆங்கிலமும் நடத்தலாம். நடத்திக்கொண்டும் இருந்தார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியரிடம் படித்தவர்கள் இந்தத் தொடரை வாசிப்பவர்களிலேயே இருப்பீர்கள்.

அந்த வேலைக்கு ஒரு வழி இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. வரிசை மெதுவாகத்தான் நகரும். ஆனால் நகரும். பத்து வருடம், பதினைந்து வருடம் ஆனாலும் ஒரு நாள் தபால்காரர் வருவார் என்ற நம்பிக்கையில் கல்யாணம்கூடச் செய்துகொண்டார்கள்.

அப்போதுதான் டெட் வந்தது. ஆசிரியர் தகுதித் தேர்வு.

150-க்கு 90 வாங்கினால்தான் தேர்ச்சி. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்தார்கள். தேறியவர்கள் 2,448 பேர். கண் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி.

அரசுக்கும் ஒரு நியாயம் இருந்ததை நாம் மறைக்கக் கூடாது. கட்டாயக் கல்விச் சட்டம் தகுதித் தேர்வு வேண்டும் என்றது. பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் வேண்டாமா என்று அதிகாரிகள் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பதினைந்து வருடம் வரிசையில் நின்றவனிடம், கவுன்ட்டருக்குப் பக்கத்தில் வந்தபோது, இந்த வரிசை செல்லாது என்றால் அவன் என்ன செய்வான்?

சாப்பாட்டை நிறுத்தினான்.

*

பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் மற்றும் பட்டதாரிகள் சங்கம். பெயர் நீளம். ஆனால் கோரிக்கைகள் சுருக்கமானவை. எங்களுக்குத் தனியாக ஒரு சிறப்புத் தகுதித் தேர்வு நடத்துங்கள். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எங்களுக்கென்று சட்டம் ஒதுக்கி, நீங்கள் நிரப்பாமல் விட்ட இடங்களை நிரப்புங்கள்.

சிலர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் தாண்டியது. மற்றவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே. கையில் வெள்ளைக்கோல். முன்னால் மாநகரப் பேருந்தின் உறுமல்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மறியல் என்றால் வண்டி வருகிறதா, நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காருவோம். ஓட்டுநர் கோபத்தில் வண்டியை நகர்த்தினால் எழுந்து ஓடுவோம். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எதிரே நிற்கிறவரின் மனசாட்சியை நம்பித்தான் அந்த மறியலே.

போலீஸுக்கு இது பெரிய தலைவலி.

தடியடி நடத்த முடியாது. 1980-ல் தில்லி போலீஸ் அதைச் செய்துவிட்டு நாடு முழுக்க வாங்கிக்கட்டிக்கொண்டது. கைது செய்து கல்யாண மண்டபத்தில் அடைக்கலாம், வழக்கமாகச் செய்வதுபோல. சாயங்காலம் விட்டால் மறுநாள் காலை அதே சாலையில் வந்து உட்காருவார்கள். ரிமாண்ட் செய்து சிறைக்கு அனுப்பலாம். பார்வையற்ற பட்டதாரிகள் சிறையில் என்ற தலைப்பை எந்த அரசு விரும்பும்? மேலிடத்திலிருந்து போன் மேல் போன். சாலை காலியாக வேண்டும். படமும் வரக் கூடாது. நடுவில் மாட்டிக்கொண்டவர் இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டைக்குள் இருப்பவரும் ஒரு காலத்தில் அரசு வேலைக்கு வரிசையில் நின்றவர்தான் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கிறேன்.

இந்த இக்கட்டில் யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது.

தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டால்?

*

கண்ணை மூடிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு தடவை தெற்கே போய்ப் பாருங்கள். தாம்பரத்தில் மேலே விமானப்படைத் தளத்தின் சத்தம் கேட்கலாம். வண்டலூரில் பேருந்துக் கூட்டம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ரயில் கூடவே ஓடும். பரனூர் சுங்கச்சாவடியில் வண்டி மெதுவாகும், வேகத்தடையில் குதிக்கும். செங்கல்பட்டு நெருங்கினால் கொளவாய் ஏரியின் காற்று முகத்தில் அடிக்கும். அதற்கப்புறம் பாலாற்றுப் பாலம். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மின்சார ரயிலில் பேனா விற்றவருக்கு இந்தப் பக்கம் ஓரளவு பழக்கம். ஆனால் அவருடைய ரயில் செங்கல்பட்டோடு சரி. பாலாற்றைத் தாண்டினால் அவருக்கும் அது வேற்று நாடு.

வேன் தாண்டியது.

மதுராந்தகம் பக்கம். அங்கே ஒரு சுடுகாட்டருகே தங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் என்று புகார் எழுந்தது. பத்திரிகைகள் எழுதின. பொதுநல வழக்காக உயர் நீதிமன்றத்தின் வாசலுக்கும் போனது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்போம். இந்த வாரக் கதையே அந்த ஒரு மணி நேரம்தான்.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பார்வை உள்ள ஒருவரை அங்கே இறக்கிவிட்டால் சுற்றுமுற்றும் பார்ப்பார். பெயர்ப் பலகையைத் தேடுவார். தூரத்தில் டீக்கடை தெரிந்தால் நடப்பார். அவருக்கு அது எரிச்சல். அவ்வளவுதான். பார்வையில்லாதவரை இறக்கிவிட்டால் நடப்பது வேறு. அவர் ஒரு ஊரை மனசுக்குள் கட்டி வைத்திருப்பார். கோடம்பாக்கம் பாலத்தின் படிக்கட்டு எத்தனை, சைதாப்பேட்டையில் பேருந்து எந்தப் பக்கம் நிற்கும், விடுதியிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை திருப்பம் என்று வருடக்கணக்கில் காலால் அளந்து சேர்த்த வரைபடம் அது. அந்த வேன் அவரிடமிருந்து பிடுங்கியது அதைத்தான். கோலைத் தட்டினால் மண். இன்னும் நாலடி வைத்தால் பள்ளமா, முள்ளா, கிணறா? கேட்க ஆளில்லை. சுடுகாட்டுப் பக்கம் யார் வருவார்?

திட்டம் போட்டவர்களின் கணக்கு அங்கேதான் இருந்திருக்க வேண்டும். திரும்பி வர ஒரு நாள் ஆகும். பயத்தில் இரண்டு நாள். சிலர் அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். சென்னையில் சாலை காலி.

ஒரே ஒரு விஷயத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

சட்டைப்பையில் இருந்த கைபேசி.

பொத்தான் வைத்த பழைய கைபேசி இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் எண் பொத்தானில் மட்டும் பொட்டு மாதிரி ஒரு மேடு இருக்கும். நாம் அதைக் கவனித்ததே இல்லை. பார்வையற்றவருக்கு அந்தப் பொட்டு கிடைத்தால் முழு எண்பலகையும் கிடைத்துவிடும். மேலே இரண்டு, கீழே எட்டு, இடம் நாலு, வலம் ஆறு. நூறு நண்பர்களின் எண் மனப்பாடம். செய்தித்தாள் படிக்க முடியாத, சுவரொட்டி பார்க்க முடியாத ஒரு சங்கம் எப்படி மாநிலம் முழுக்க ஆட்களைத் திரட்டியது என்று நினைக்கிறீர்கள்? போனில்தான். ஒருவர் இருவருக்கு, இருவர் நால்வருக்கு. அந்தச் சங்கத்தின் தலைமை அலுவலகமே அந்த எண்பலகைதான்.

அடுத்தது காது. நெடுஞ்சாலையில் லாரி போகும் சத்தம் எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசையில் சாலை. சாலை கிடைத்தால் பேருந்து. கூட்டமாக நடக்க அவர்களுக்கு ஒரு முறை உண்டு. பார்வையற்றோர் விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே பழகிவிடும். கொஞ்சம் வெளிச்சமாவது தெரிகிற ஒருவர் முன்னே. அவர் தோளில் ஒரு கை. அந்தக் கைக்குரியவரின் தோளில் அடுத்த கை. முன்னே போகிறவர் பள்ளம் என்றால் கடைசி ஆள்வரை அந்தச் சொல் போகும்.

சென்னைக்கே திரும்புவதா, ஊருக்குப் போவதா? அவமானப்பட்டவனுக்கு வீடுதான் முதலில் நினைவு வரும். தாயைப் பார்க்கத் தோன்றும். எப்படியோ பிழைத்துக்கொள்ளலாம், ரயிலில் பேனா விற்கலாம் என்றுகூடத் தோன்றும்.

அவர்கள் ஊருக்குப் போகவில்லை.

ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். அதுவரை அவர்கள் கேட்டது வேலை. இறக்கிவிட்ட இடம் அதை வேறொன்றாக மாற்றிவிட்டது. வேலை இல்லை என்று சொல்வது ஒன்று. உன்னைச் சுடுகாட்டில் விட்டாலும் கேட்க நாதியில்லை என்று சொல்வது இன்னொன்று. முன்னதைப் பொறுத்துக்கொண்டு பதினைந்து வருடம் இருந்தவர்களால் பின்னதை ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க முடியவில்லை.

செய்தி வெளியே வந்தது. மற்ற மாற்றுத்திறனாளி அமைப்புகள் குரல் கொடுத்தன. அதுவரை போக்குவரத்து நெரிசலைத் திட்டிக்கொண்டிருந்த சென்னைவாசிகூட சுடுகாடு என்ற வார்த்தையைப் படித்ததும் பேப்பரைக் கீழே வைத்தார். படம் வரக் கூடாது என்றுதான் வேன் அவ்வளவு தூரம் போனது. படத்தைவிடப் பெரியதாக வந்து விழுந்தது செய்தி.

*

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே 30 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறையை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். விலா எலும்பு தெரிய, ஒற்றைக்காலில் நின்று, கையைத் தூக்கி வரம் கேட்கிறார் ஒருவர். உடம்பை வருத்தி மேலே இருப்பவரிடம் கேட்பது இந்தக் கரையில் பழைய வழக்கம். அதே பாறையில் கீழே ஒரு பூனையும் ஒற்றைக்காலில் நிற்கிறது. சுற்றி எலிகள் அதை நம்பி நிற்கின்றன.

அரசின் வாக்குறுதி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வந்துவிடும். ஆனால் இந்தத் தடவை பூனை கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். அரசிடமிருந்து உறுதிமொழி வந்தது. உண்ணாவிரதம் முடிந்தது. மறு வருடம் மே மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே சிறப்புத் தகுதித் தேர்வு நடந்தது. தேர்ச்சி மதிப்பெண்ணும் 60 சதவீதத்திலிருந்து 55 ஆகக் குறைந்தது.

சரி, வேன் கதை முடிந்தது. கொக்கி?

உண்ணாவிரதப் பந்தலைப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. 2013 அக்டோபர் 8. உச்ச நீதிமன்றம்.

*

நடுவில் உட்கார்ந்திருப்பவர் தலைமை நீதிபதி ப. சதாசிவம். நம்ம ஈரோடு மாவட்டத்துக் கடப்பநல்லூர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அந்த நாற்காலிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உடன் நீதிபதிகள் ரஞ்சனா தேசாய், ரஞ்சன் கோகோய்.

ஒரு பக்கம் இந்திய அரசு. மறுபக்கம் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு. கூட்டமைப்புக்காக வாதாடியவர் மூத்த வழக்கறிஞர் எஸ்.கே. ருங்டா. பார்வையில்லாதவர். 1993-ல் தேர்வறைக் கதவைத் திறந்த வழக்கிலும் இவர்தான் நின்றார். இருபது வருடமாக ஒரே கொக்கியைத் திருகிக்கொண்டிருந்த மனிதர். வேடிக்கை என்னவென்றால், அரசுக்காக வாதாட வந்தவர் மனித உரிமை வழக்குகளில் பேர்பெற்ற இந்திரா ஜெய்சிங். அப்போது அவர் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல். வக்கீல் தொழிலில் இதெல்லாம் உண்டு.

வழக்கு ஒரு கணக்கைப் பற்றியது. சின்னப் பிள்ளைக்குப் புரியும் கணக்கு.

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 3 சதவீத இடம் என்றது. பார்வையற்றோருக்கு 1, காது கேளாதோருக்கு 1, உடல் இயக்கக் குறைபாடு உள்ளோருக்கு 1. எல்லாரும் கைதட்டினார்கள். யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு.

3 சதவீதம் சரி. எதில் 3 சதவீதம்?

ஒரு துறையில் உயர் பதவிகள் 1,000 காலி என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதம் என்றால் 30. ஆனால் அரசு என்ன செய்தது? முதலில் மாற்றுத்திறனாளிகள் செய்யக்கூடியவை என்று 200 பதவிகளைக் கண்டறிந்தது. பிறகு அந்த 200-ல் 3 சதவீதம் போட்டது. 6.

30 எங்கே, 6 எங்கே?

இன்னும் ஒரு படி மேலே. பதவியைக் கண்டறியவே இல்லை என்றால்? பூஜ்யத்தில் 3 சதவீதம் பூஜ்யம். கண்டறியும் வேலையைத் தள்ளிப்போட்டால் போதும். யாரையும் நிராகரிக்க வேண்டாம். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருக்கும். இதைக் கண்டுபிடித்த அதிகாரி யாரோ, பெரிய மூளைக்காரர்.

ருங்டாவும் கூட்டமைப்பும் 2006-ல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 டிசம்பரில் ஜெயித்தார்கள். அரசு மேல்முறையீடு செய்தது. இடையில் 2010-ல் இன்னொரு வழக்கு. சிவில் சர்வீஸ் தேர்வில் வென்றும் பதவி கிடைக்காத பார்வையற்ற ஒருவர். கண்டறியவில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி இடஒதுக்கீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லியும், இந்தக் கணக்கை வைத்திருந்த அரசுச் சுற்றறிக்கை மாறவில்லை. கீழ்நிலைப் பதவிகளுக்கு ஒரு கணக்கு, உயர் பதவிகளுக்கு ஒரு கணக்கு என்று அரசு பிடிவாதமாக நின்றது.

இப்போது அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் சொல்லட்டுமா? இது சட்டப் புத்தகத்தில் இல்லாதது. பார்வையற்ற ஒருவர் கிளார்க்காக வருவதை அலுவலகம் தாங்கிக்கொள்ளும். அனுதாபத்தோடு டீ வாங்கிக் கொடுக்கும். அவர் அதிகாரியாக வந்து எதிரே உட்கார்ந்தால்? கோப்பைக் கொண்டுபோய் நிற்க வேண்டுமே. ஐயா என்று கூப்பிட வேண்டுமே. அனுதாபம் காட்டிய கை அங்கே சல்யூட் அடிக்க வேண்டும். அதுதான் இடித்தது.

தீர்ப்பு வந்தது.

3 சதவீதத்தை மொத்தக் காலியிடங்களில் கணக்கிட வேண்டும். கண்டறிந்த பதவிகளில் மட்டும் அல்ல. கண்டறிவது, ஆளை எங்கே உட்கார வைப்பது என்று தீர்மானிக்க மட்டுமே. எத்தனை பேர் என்று குறைப்பதற்கு அல்ல. உயர் பதவிக்கும் அதே கணக்கு, கீழ்ப் பதவிக்கும் அதே கணக்கு.

1,000-க்கு 30.

கொக்கி கழன்றது.

அதோடு நிற்கவில்லை சதாசிவம். மாற்றுத்திறனாளிகள் வேலையில்லாமல் இருப்பது அவர்களின் குறைபாட்டால் அல்ல, சமூகம் வழியில் போட்டு வைத்திருக்கும் தடைகளால்தான் என்று தீர்ப்பில் எழுதினார். எல்லாக் காலியிடங்களையும் எண்ணிப் பதவிகளைக் கண்டறிய அரசுக்கு மூன்றே மாதம் கெடு. செய்யாத அதிகாரி மீது துறை நடவடிக்கை.

டிசம்பரில் புதிய சுற்றறிக்கை வந்தது. இந்தத் தடவை தில்லி எழுத்துத் தவறாமல் எழுதியது. பார்வையற்றோர் சங்கங்களில் இனிப்பு கொடுத்தார்கள் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் கொக்கி செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

*

2014 ஆகஸ்ட். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒரு அறிவிப்பு வெளியிடுகிறது. சிவில் நீதிபதிகள் தேவை. 162 இடங்கள்.

சென்னையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் அதைக் கவனிக்கிறார். பார்வைக் குறைபாடு 70 சதவீதம். நீதிமன்றம் அவருக்குப் புதிதல்ல. கூண்டில் நிற்கிற சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறவர். கோவையில் தி. சக்கரவர்த்தி என்ற பார்வையற்றவர் 2009-லேயே நீதிபதி ஆகிவிட்டார் என்பது ஊரறிந்த செய்தி. மாற்றுத்திறனாளிகளுக்கு இடஒதுக்கீடும் இருக்கிறது. கணக்கும் இப்போது சரியாகிவிட்டது. வேறென்ன வேண்டும்?

மனுப் போடுகிறார். தேர்வும் எழுதுகிறார்.

அப்போதுதான் ஒரு வரி வேலையைக் காட்டுகிறது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

50-ஐத் தாண்டவும் கூடாது.

அதாவது, இடஒதுக்கீடு கேட்கும் அளவுக்குப் பார்வை குறைந்திருக்க வேண்டும். ஆனால் ரொம்பவும் குறைந்திருக்கக் கூடாது. அவருக்கோ 70.

வழக்குப் போடலாம். போட்டார். ஆனால் எங்கே? அந்த உச்சவரம்பை அரசு தன்னிச்சையாக முடிவு செய்யவில்லை. ஒருவரைக் கலந்து பேசித்தான் முடிவு செய்தது.

அந்த ஒருவர், சென்னை உயர் நீதிமன்றம்.

அவருடைய வழக்கைக் கேட்கப்போவதும் அதே உயர் நீதிமன்றம்தான்!

(அடுத்த வாரம்: நீதிபதிகளுக்கு எதிராக நீதிபதிகளிடம்)